நடை ஏற்றுபவள்

என் கால் அளவு முப்பத்தேழு. அரை நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருஷம் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்தேன். சலோமி என்று எனக்கு ஒரு பெயர் இருப்பதே சூப்பர்வைசருக்கு மறந்து போயிருக்கும். "முப்பத்தேழைக் கூப்பிடு" என்பார், நான் எழுந்து போக வேண்டும். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்க ஆட்கள் வந்தால், பெண்கள் ஷூவில் சாம்பிள் எப்போதும் அந்த அளவில்தான் இருக்கும். அதைப் போட்டுக் காட்ட ஒரு கால் வேண்டுமே. மிஷினை நிறுத்தி, மடியில் ஒட்டிய நூலைத் தட்டிவிட்டு, ஏசி அறைக்குள் போய்ப் பத்து அடி நடப்பேன். திரும்பிப் பத்து அடி நடப்பேன். ஒருத்தராவது என் முகத்தை நிமிர்ந்து பார்த்ததில்லை. நடந்ததற்குக் கூலியாக ஒரு டீ கொடுப்பார்கள், அதுவும் ஆறிப்போய் இருக்கும்.

என் வீட்டுக்காரர் தயாளன் அதே கம்பெனியில் சோல் ஒட்டும் லைனில் இருந்தார். காலையிலிருந்து சாயங்காலம் வரை பசை நெடி. கல்யாணமான மூன்றாம் வருஷமே இருமல் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபம் நடக்கும்போது இவர் இருமுவார், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், நான் தலையைக் குனிந்துகொள்வேன். "இந்தப் பசைய விட்டு வெளிய வந்தாப் போதும் சலோமி" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்வார். குழந்தை பற்றி நான் பேச்செடுத்தால், "முதல்ல வெளிய வரலாம், அப்பால பார்க்கலாம்" என்பார். அப்படியே ஆறு வருஷம் ஓடிவிட்டது. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது, ஆனால் ஆசை மட்டும் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஜெல் சோல் வந்தது.

ஒரு சாயங்காலம் ஒரு ஜோடி ஸ்னீக்கரை நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார். "மொட்டைமாடிக்கு வா, இதப் போட்டு நட" என்றார். போட்டேன். நாலு அடி வைத்ததும் என் இடது கால் தானாகத் தரையைத் தேய்த்துக்கொண்டு போனது. இடுப்பு ஒரு பக்கம் ஆடியது.

"இன்னாங்க இது, யாரோ என் காலைப் பிடிச்சு இழுக்கிறாங்க!"

"யாருன்னு சொல்லு பார்ப்போம்."

இன்னும் நாலு அடி வைத்தேன். சிரிப்பு தாங்கவில்லை. "கேன்டீன் மல்லிகாக்கா!"

"அவங்களேதான். மூணு நாள் போட்டுட்டு வேணாம்னு குடுத்துட்டாங்க. அடியில பாரு, ஒரு பொட்டு கீது. புது ஷூவுல அது வெள்ளையா இருக்கும். முதல்ல போடுறவங்க நடைய ஜெல்லு கத்துக்கும். மூணு நாளு, நாப்பதாயிரம் அடி. கத்து முடிச்சதும் உறைஞ்சிடும், பொட்டு நீலமாயிடும். அப்பால யார் போட்டாலும் அந்த நடைதான். அதனாலதான் ஒரு தடவை போட்ட ஷூவ எவனும் வாங்க மாட்டேங்கிறான். பழைய ஸ்னீக்கர் வாங்கி ஆன்லைன்ல வித்தவங்க எல்லாம் கடையச் சாத்திட்டாங்க."

"சரி, அதுக்கு?"

"மல்லிகாக்கா நடை உன் காலுக்கு வருதுன்னா, உன் நடை இன்னொருத்தி காலுக்குப் போகும் இல்ல?"

எனக்கு அப்போதும் புரியவில்லை. அவர் குந்தி உட்கார்ந்து என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "பதினோரு வருஷம் அந்த அறையில நடந்திருக்க. பெடல் மிதிச்சு மிதிச்சு ஊருல பாதிப் பொம்பளைங்களுக்கு முட்டி போயிடுச்சு. உனக்கு ஒரு நாளாவது வலிச்சிருக்கா? நீ நடந்தா தரைக்கே தெரியாதுடி."

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் என்னைப் புகழ்ந்தது அன்றைக்குத்தான். அதில் நான் விழுந்துவிட்டேன். பொய்யில்லை, நிஜமாகவே எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

இரண்டு பேரும் வேலையை விட்டோம். நிறம் பிடிக்காமல், மாடல் பழசாகி, கடைகளில் விற்காமல் நின்றுபோன ஸ்னீக்கர்களை அவர் அள்ளிக்கொண்டு வந்தார். எல்லாம் முப்பத்தேழு. ஆன்லைன் கடைக்கும் அதையே பெயராக வைத்தார். பெண்களில் நிறையப் பேருக்கு அந்த அளவு பொருந்தும், கால் சின்னவர்கள் தடித்த சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம். ஒரு ஜோடிக்கு மூன்று நாள் மொட்டைமாடியில் சுற்றுவேன். இதற்கு நாங்கள் வைத்த பெயர் நடை ஏற்றுவது. "நடை ஏறிடுச்சா?" என்று கீழே இருந்து கத்துவார். "இன்னும் பொட்டு வெளுப்பாத்தான் கீது" என்று நான் மேலே இருந்து கத்துவேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எனக்கு சர்க்கரை வியாதி, அதனால்தான் நடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு பாகற்காய் கொடுத்துவிட்டார்கள்.

இதில் ஒரு கண்டிப்பு இருந்தது. ஷூ மாடியை விட்டுக் கீழே இறங்கக் கூடாது. தினமும் காலையில் அவரே மாடியைப் பெருக்கித் துடைப்பார். நான் மாடிக் கதவருகில் ஷூவைப் போட்டு, அங்கேயே கழற்றி, வெறுங்காலோடு படி இறங்க வேண்டும். சோலில் அழுக்கு பட்டால் விலை போகாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, படி ஏறி இறங்கினால் நடையில் கோணல் சேர்ந்துவிடும், சமதரை நடை மட்டும்தான் ஏற வேண்டும். வீட்டுக்குள் வந்துவிட்டால் வெறுங்கால், என் சொந்த நடை.

முதலில் வாங்கியவள் சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் புடவை எடுத்துக் காட்டும் தேவகி. காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை நிற்க வேண்டிய வேலை. ஒரு வாரம் கழித்து போன் பண்ணினாள். "அக்கா, நேத்து வீட்டுக்குப் போய் அழுதேன்க்கா. கால் வலிக்கலைன்னு அழுதேன். இனிமே உங்க காலாலதான் நான் நிக்கிறேன்" என்றாள். போனை வைத்துவிட்டு நானும் அழுதேன். அவள் சொல்லி, அந்தக் கடையில் நாற்பது பெண்கள் வாங்கினார்கள். பக்கத்துக் கடைப் பெண்களும் வாங்கினார்கள். நர்ஸ்கள், டீச்சர்கள், போக்குவரத்துப் போலீஸ்காரப் பெண்கள் என்று வரிசை நீண்டது. அந்த நாட்களில் நான் திமிராகத்தான் இருந்தேன். எங்கேயோ நூற்றுக்கணக்கான பெண்கள் என்னைப் போலவே நடக்கிறார்கள் என்று நினைத்தால் எந்தப் பெண்ணுக்குத்தான் திமிர் வராது.

அவருடைய இருமல் குறைந்தது. சாயங்காலம் என் காலை மடியில் வைத்து நல்லெண்ணெய் தேய்ப்பார். விரல் விரலாக உருவிவிடுவார். அக்கா வேலூரிலிருந்து வந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டு ஆளு என் காலைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாரு, நீ கொடுத்து வச்சவடி" என்றாள். ஆமாம் என்றேன். டிரைவர் வண்டிக்கு ஆயில் மாற்றுவதைப் பார்த்து யாரும் காதல் என்று சொல்ல மாட்டார்கள் என்பது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் வருஷம் நாள் தள்ளிப்போனது. சொன்னதும் அவர் என் பாதத்தைப் பார்த்தார். "கால் வீங்குமா?" என்று கேட்டார்.

அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. நான் சிரித்தேன். ஆண்பிள்ளை, என்ன பேசுவது என்று தெரியாமல் எதையோ கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

நடப்பது நல்லதுதான் என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். ஆறாம் மாதம் முடியும்வரை நடை ஏற்றுவது, பிறகு நிறுத்துவது என்று பேசிக்கொண்டோம். ஐந்தாம் மாதம் வயிறு மேடு தட்டியது. வீட்டுக்குள் நடக்கும்போது உடம்பு தானாகப் பின்னால் சாய்ந்தது. கால்கள் விலகி விழுந்தன, கை என்னைக் கேட்காமலே இடுப்புக்குப் போனது. சமையலறைக்கும் ஹாலுக்கும் அப்படி அசைந்து அசைந்து நடப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஏழெட்டு வருஷம் கேட்டுக் கிடைத்த நடை அது.

ஆறாம் மாதம் ஒரு விசித்திரம் கவனித்தேன். வீட்டுக்குள் சாய்ந்து நடக்கிறவள், மாடிக்குப் போய் ஷூவைப் போட்டதும் நேராகிவிடுகிறேன். பழைய சலோமி மாதிரி விறுவிறு என்று போகிறேன். இறங்கி வந்ததும் இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலிக்கிறது.

"மாடிக் காத்து உனக்கு ஒத்துக்குது" என்றார் அவர். எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார். நானும் ஒத்துக்கொண்டேன். என்னை மாதிரி ஒரு மக்கு இருக்க முடியுமா.

அன்றைக்குப் பகல் மூன்று மணி இருக்கும். ஒரு சுற்று முடிந்து திரும்பும்போது மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. பொட்டு பாதி நீலம். ஷூ நனைந்தால் ஜெல் வீணாகிவிடும், அதுவரை நடந்ததெல்லாம் மண். கதவருகே கழற்ற வேண்டிய ஷூவைக் கழற்றாமல், நனையவிடக் கூடாது என்று அப்படியே படியில் இறங்கினேன். சரக்குக்காகத்தான் ஓடினேன், வயிற்றுக்காக இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயிலேயே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மூன்றாம் படியில் உடம்பு பின்னால் சாயப் பார்த்தது. ஷூ முன்னால் தள்ளியது. என் பாதத்தை அடியிலிருந்து யாரோ பிடித்து, நேராகப் போ, வேகமாகப் போ என்று தள்ளினார்கள். அந்தத் தள்ளல் எனக்குத் தெரிந்ததுதான். அது என்னுடைய நடையே.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தேன். குழந்தை இல்லை. பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னாள். டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். "இந்த மாசத்துல பாரம் முன்னால இருக்கும்மா, அதனால உடம்பு தானா பின்னால சாயும். வழுக்கினாக்கூட பொம்பளைங்க பின்பக்கமா உக்காந்துதான் விழுவாங்க, குழந்தைக்கு அதுதான் பாதுகாப்பு. நீங்க எப்படி நேரா குப்புற விழுந்தீங்க?"

தயாளன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அந்த அழுகை நடிப்பு இல்லை, அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள், ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையைத் திறந்தேன். என் புடவை இருந்தது, அந்த ஷூவும் இருந்தது. கையில் எடுத்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டது. பதினோரு வருஷம் தைத்த கைக்குக் கனம் தெரியாதா. தோல் சீவும் கத்தியை எடுத்து, உள்ளட்டையைக் கிழித்தேன். அடியில் வெள்ளையும் நீலமும் கலந்த ஜெல் இருந்தது, பாதி உறைந்தது. அதற்கு மேல் இன்னொரு ஜெல் படலம் மெல்லிசாகச் சீவி ஒட்டப்பட்டிருந்தது. முழு நீலம். பசை சுத்தமாக, ஒரு சொட்டு வழியாமல் பூசியிருந்தது. ஆம்பூரில் அவ்வளவு சுத்தமாக ஒட்டும் கை ஒன்றுதான் உண்டு.

அவர் வந்ததும் அவர் முன்னால் வைத்தேன். "இன்னாங்க இது?"

அவர் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு நடை இது?"

"உன்னுதுதான். போன வருஷத்து ஜோடியிலிருந்து உரிச்சது." ஷூவைப் பார்த்தபடியே சொன்னார். "அஞ்சாம் மாசம் அனுப்பின எட்டு ஜோடியில ஏழு திரும்பி வந்துடுச்சு சலோமி. ஷூ பின்னால சாய்க்குது, இடுப்ப ஆட்டுதுன்னு எழுதுறாங்க. அதான் உன் பழைய நடைய உன் காலுக்கும் ஷூவுக்கும் நடுவுல வச்சேன். நீ நேரா நடந்தா, அடியில இருக்கிறதும் நேராக் கத்துக்கும்னு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. அன்னிக்கே நிறுத்தியிருப்பேனே."

"அதுக்குத்தான் சொல்லல."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். அவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். "திரும்பவும் அந்தப் பசை லைனுக்கு என்னால போவ முடியாது" என்று சொல்லி அழுதார். நான் அழவில்லை. ஆறு மாத வயிறு இருக்க வேண்டிய இடத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகும் நான் அங்கேயேதான் இருந்தேன். ஏன் இருந்தாய் என்று அக்கா கேட்டாள். கோபப்படவும் தெம்பு வேண்டுமே. ஒருநாள் புது ஜோடியை மாட்டிக்கொண்டு மறுபடி நடை ஏற்றத் தொடங்கினேன். ஜோடி ஜோடியாகப் பொட்டு நீலமானது, ஆனால் அந்த நடையை யாரும் விரும்பவில்லை. போட்டால் கால் கனக்கிறது, எங்கேயும் போகத் தோன்றவில்லை என்று எழுதினார்கள். ஜெல் என் மனசைக் கற்றுக்கொண்டதாக நான் சொல்ல மாட்டேன், என் காலைக் கற்றுக்கொண்டது, அவ்வளவுதான். விற்பனை படுத்துவிட்டது. சாயங்காலம் அவர் எண்ணெய்க் கிண்ணத்தோடு வருவார், நான் காலை இழுத்துக்கொள்வேன், போய்விடுவார்.

மூன்று மாதம் கழிந்து ஒரு சனிக்கிழமை காலை, டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார். "சலோமி, நாம ஒரு குழந்தை பெத்துக்கலாம்."

எட்டு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அன்றைக்குத்தான். எப்போதும் நான்தான் கேட்பேன், அவர்தான் தள்ளிப்போடுவார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. "இந்தத் தடவ நீ ஒரு வேலையும் செய்ய வேணாம். உன் இஷ்டத்துக்கு, உன் உடம்பு எப்படிச் சொல்லுதோ அப்படி நட, போதும்" என்றார்.

எனக்குள் எதுவோ இளகிவிட்டது. மனுஷன் திருந்திவிட்டான் என்று நினைத்தேன். இரண்டு முழு நாள் நம்பினேன். அன்றைக்கு மீன் குழம்பு வைத்தேன், அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் முழங்காலில் நின்று நன்றிகூடச் சொன்னேன்.

திங்கட்கிழமை தேவகி போன் பண்ணினாள். ரொம்ப நாளாகிவிட்டது. நலம் விசாரித்துவிட்டு, "அக்கா, அந்த அஞ்சாம் மாச ஷூ எப்பக்கா வரும்? எங்க அண்ணி முழுகாம இருக்காங்க. அவங்களுக்கு புக் பண்ணி வச்சிருக்கேன்" என்றாள்.

"எந்த ஷூ?"

"உங்க கடையிலதான்க்கா போட்டிருக்கு. நீங்க பார்க்கலையா?"

பார்த்தேன். எங்கள் கடைப் பக்கத்தில், மேலேயே, பெரிய எழுத்தில் இருந்தது. தாய்மை வரிசை. ஐந்தாம் மாத நடை. விரைவில். முன்பதிவு நடக்கிறது. அதற்குக் கீழே திரும்பி வராத அந்த எட்டாவது ஜோடியை வாங்கியவள் எழுதியதை எடுத்துப் போட்டிருந்தார். அவளும் கர்ப்பிணி. 'இதைப் போட்டதிலிருந்து இடுப்பு வலி இல்லை. யாரோ ஒரு அம்மா என் கையைப் பிடித்து நடத்திப் போவது போல் இருக்கிறது. இன்னொரு ஜோடி கிடைக்குமா?' கிடைக்கும் என்று இவர் பதில் எழுதியிருந்தார். தேதி இருந்தது. நான் விழுந்ததிலிருந்து எண்ணினேன். ஒன்பதாம் நாள்.

உன் இஷ்டத்துக்கு நட, போதும் என்றாரே, அதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்த ஏழு ஜோடியும் பரணில் ஒரு சாக்கில் கிடந்தன. இறக்கினேன். கத்தியை எடுத்து ஆறு ஜோடியைக் கிழித்தேன். ஒவ்வொரு சோலையும் குறுக்கே நெடுக்கே கீறி, ஜெல்லைத் தோண்டி எடுத்துக் குப்பையில் போட்டேன். ஏழாவது ஜோடியை எடுத்தபோது கை நின்றுவிட்டது. என் பெண் இந்த உலகத்தில் எங்கேயாவது மிச்சம் இருக்கிறாள் என்றால், இந்த ஷூவுக்குள்தான். அவளுக்கு முகம் இல்லை, போட்டோ இல்லை. அவளைத் தூக்கிக்கொண்டு நான் நடந்த நடை மட்டும்தான்.

போட்டுக்கொண்டேன். அவர் ஹாலில் லேப்டாப்போடு இருந்தார்.

"வீட்டுக்குள்ள ஷூவப் போட்டுக்கிட்டு…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். நான் பெட்ரூமிலிருந்து ஹாலுக்கு நடந்து வந்தேன். உடம்பு பின்னால் சாய்ந்தது. கால் விலகி விழுந்தது. கை தானாக இடுப்புக்குப் போனது. ஐந்தாம் மாதத்தில் சமையலறைக்கும் ஹாலுக்கும் எப்படி நடந்தேனோ அதே நடை. அவர் எழுந்தார், திரும்ப உட்கார்ந்துவிட்டார். அவரைத் தாண்டி, வாசலைத் தாண்டிப் போனேன். கூப்பிட்டாரோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை.

வேலூர் பஸ்ஸில் கூட்டம். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மடியில் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, நான் ஏறி நடந்து வந்ததையே பார்த்துக்கொண்டிருந்தவள், கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இப்படி வந்து உக்காரும்மா."

"பரவால்லம்மா, நான் நிக்கிறேன்."

"இன்னா பரவால்ல? வயிறு தெரியலன்னா எனக்குத் தெரியாதா? நடையப் பார்த்தாலே சொல்லிடுவேன். நாலு பெத்தவ நான்." என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். "எத்தினி மாசம்?"

"அஞ்சு" என்றேன்.

"பார்த்துப் போ தாயி. பஸ்ஸு குலுக்கும்" என்று சொல்லி, ஜன்னல் பக்கம் இடம் விடச் சொல்லி அடுத்த சீட்டுக்காரனை அதட்டினாள். நான் ஜன்னலோரம் நகர்ந்து, இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன்.